பம்புகள் வெயிலில் ஓடட்டும், குழி அகல வேண்டாம்: நெய்வேலி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் தலைவர், இயக்குநர்கள், நெய்வேலிச் சுரங்கங்களின் பொறுப்பு அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

பண்ருட்டிப் பக்கத்தில் செம்மண் கொல்லை வைத்துப் பிழைப்பவன் நான். முந்திரிதான் முக்கியம், ஓரத்தில் பலா, மழை பார்த்து மணிலா என்கிற நிலக்கடலை. இரவில் எங்கள் களத்துமேட்டில் நின்று தெற்கே பார்த்தால் வானத்தின் அடிவிளிம்பு வெளுத்திருக்கும். அது நெய்வேலியின் வெளிச்சம். எங்கள் ஊருக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே அந்த வெளிச்சம் வந்துவிட்டதாகப் பாட்டி சொல்வாள்.

என் தாய்மாமன் உங்கள் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பொங்கலுக்கு அவரை வீட்டுக்கு அழைத்தபோது, வேலை இருக்கிறது, வர முடியாது என்றார். 'சுரங்கத்துக்குமா பொங்கலன்று வேலை?' என்று அம்மா கோபித்துக்கொண்டாள். அதற்கு அவர் சொன்ன பதிலைச் சிறுவனாக இருந்த நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை: 'மண் வெட்டுகிற இயந்திரத்தை நிறுத்தலாம், கரி எடுப்பதை நிறுத்தலாம். பம்பை நிறுத்த முடியாது. நிறுத்தினால் தண்ணீர் கீழேயிருந்து தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும்.'

பிறகு புரிந்தது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணற்கற்களுக்குள் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மேலேயுள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்த அழுத்தத்தைத் தாங்கப் பாரம் இருக்காது. ஆகவே சுரங்கம் இருக்கும்வரை சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டு, இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெய்வேலியின் கதையே தண்ணீர் தேடிப் போனதில்தான் தொடங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருளும் வந்தது. அதிலிருந்து 1956-ல் நிறுவனம் பிறந்தது, 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1962-ல் முதல் அனல்மின் அலகு ஓடியது.

இந்தப் பழங்கதையை நான் எடுப்பதற்குக் காரணம் உண்டு. சூரிய மின்சாரத்தைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். பேச்சை அந்தப் பம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெட்ரோலிய நிறுவனங்களும் நிலக்கரி நிறுவனங்களும் தங்கள் சொந்தத் தேவைக்குச் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பது உலகம் முழுவதும் நடக்கிறது. இந்தியாவில் உங்களுக்கு முன்வரிசையில் இடம் இருக்கிறது. 1,000 மெகாவாட் சூரிய மின் திறனைத் தாண்டிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்று நீங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறீர்கள். அந்தப் பெருமை உங்களுக்கு உரியதே. நெய்வேலியில் 10 மெகாவாட்டில் தொடங்கி, பிறகு 130 மெகாவாட், பிறகு ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வானம்பார்த்த பூமியில் நூற்றுக்கணக்கான மெகாவாட் என்று சுமார் 1,380 மெகாவாட்டுக்குச் சூரியத் தகடுகளை நிறுத்தினீர்கள். 2017-ல் தமிழ்நாடு மின்வாரியம் யூனிட் 3 ரூபாய் 47 காசுக்குச் சூரிய மின்சாரம் கேட்டபோது 709 மெகாவாட்டுக்கு முன்வந்தவர்கள் நீங்கள். அந்தமானில், பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களையே நம்பியிருந்த தீவில், 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பேட்டரியோடு சேர்த்துக் கட்டினீர்கள். 2030-க்குள் 10,000 மெகாவாட் என்று இலக்கும் வைத்திருக்கிறீர்கள். கரி தோண்டப் பிறந்த ஒரு நிறுவனம் இவ்வளவு தூரம் வந்ததை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் என் கொல்லையில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இலவச மின் இணைப்புக்குக் காத்திருந்த காலத்தில் வாடகை ஜெனரேட்டர் வைத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஓட்டினேன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டீசல் கணக்கு உண்டு. இன்று இந்த வரப்பு, நாளை அந்த வரப்பு என்று எண்ணி எண்ணித் தண்ணீர் விட்டேன். பிறகு அரசு மானியத்தில் சூரிய மோட்டார் போட்டேன். காலை ஒன்பது மணிக்கு மெல்ல இறைக்கத் தொடங்கும், உச்சி வெயிலில் குழாய் நிறையக் கொட்டும், நாலு மணிக்கு மேல் தளரும். செலவு ஒரு காசு இல்லை. முதல் வருடம் நான் மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தேன். டீசல் புகை இல்லை, சத்தம் இல்லை. இரண்டாவது வருடம் கூடுதலாக ஒரு ஏக்கரில் கரும்பு வைத்தேன். தண்ணீர்தான் இனாமாக வருகிறதே என்ற எண்ணம். மூன்றாவது கோடையில் குழாயை இன்னும் நாற்பது அடி கீழே இறக்க வேண்டியிருந்தது. டீசல் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அதன் விலை. வெயில் அந்தப் பிடியை எடுத்துவிட்டது. கிணற்றுக்குச் சூரிய மோட்டாரால் ஒரு நன்மையும் இல்லை. நன்மை கிடைத்தது எனக்கு மட்டும்தான்.

இப்போது கரும்பை எடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இறைப்பது என்று எனக்கு நானே வரம்பு வைத்திருக்கிறேன். சூரிய மோட்டார் நல்ல பொருள். அதைக் கொண்டு எதை இறைக்கிறோம், எவ்வளவு இறைக்கிறோம் என்ற கணக்கு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்ட அனுபவத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எண்ணெய்க் கம்பெனிகளின் வரலாற்றைப் படிக்கும்போது என் கொல்லையே எனக்கு நினைவுக்கு வருகிறது. 1973-ல் அமெரிக்காவில் எலியட் பெர்மன் என்ற விஞ்ஞானி, எக்ஸான் நிறுவனத்தின் பணத்தில், சோலார் பவர் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஒரு வாட்டுக்கு நூறு டாலர் அளவில் இருந்த சூரியத் தகட்டின் விலையை அவர் இருபது டாலருக்குக் கொண்டுவந்தார். அந்தத் தகடுகள் முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகள். கப்பல்கள் மோதாமலிருக்க இரவில் எரியும் எச்சரிக்கை விளக்குகளுக்குக் கனமான பேட்டரிகளைப் படகில் கொண்டுபோய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தகடு வந்ததும் அந்த வேலை மிச்சமாயிற்று. இன்று நம் வீட்டுக் கூரைவரை வந்திருக்கும் பொருள், சின்னக் குழந்தையாக இருந்தபோது எண்ணெய்க்கு வேலை செய்து வளர்ந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எக்ஸான் அந்தத் தொழிலைக் கைவிட்டது. எண்ணெய் எடுப்பது மட்டும் தொடர்ந்தது.

ஓமன் நாட்டின் தெற்கே அமல் என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. அங்கே எண்ணெய் தார் போலக் கெட்டியாக இருப்பதால், நிலத்துக்குள் நீராவியைச் செலுத்தி இளக்கித்தான் மேலே எடுக்க முடியும். நீராவிக்கு இயற்கை எரிவாயுவை எரித்துக்கொண்டிருந்தார்கள். 2015-ல் ஓமன் பெட்ரோலிய மேம்பாட்டு நிறுவனம் மிரா என்ற திட்டத்தை அறிவித்தது. பாலைவனப் புழுதி படாமலிருக்கக் கண்ணாடிக் கூடாரங்கள், அவற்றுக்குள் வளைந்த ஆடிகள், அவை குவிக்கும் வெயிலில் நீராவி. அறிவித்த முழுத் திட்டம் 1,021 மெகாவாட் வெப்பத்திறன், நாளொன்றுக்கு 6,000 டன் நீராவி. பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை. எரிவாயு மிச்சமானது உண்மை. ஆனால் அந்த வெயில் செய்த வேலை, எடுக்கக் கடினமான எண்ணெயை எடுக்க எளிதாக்கியது. எடுத்த எண்ணெய் எங்கோ ஒரு வண்டியில் எரிந்துதான் தீரும்.

நம் நாட்டில் அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவையும் பாருங்கள். தன் சுரங்கங்களும் அலுவலகங்களும் செலவழிக்கும் மின்சாரத்துக்கு ஈடாக 3,000 மெகாவாட் சூரிய மின்சாரம் அமைத்து, நிகர பூஜ்ய நிலையை அடையப்போவதாக அறிவித்திருக்கிறது. ஒரு மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால் 3,000 மெகாவாட் 480 கோடி யூனிட் தரும். நாட்டின் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு எழுநூறு கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு என்று கணக்கிட்டால், தவிர்க்கப்படுவது சுமார் 35 லட்சம் டன். சரி, அந்தச் சுரங்கங்களிலிருந்து 2023-24-ல் வெளிவந்த நிலக்கரி 77 கோடி டன்னுக்கு மேல். ஒரு டன் எரிந்தால் ஒன்றரை டன் வாயு என்று குறைத்தே கணக்கிட்டாலும் 115 கோடி டன். முந்நூறில் ஒரு பங்கைத்தான் சூரியன் அழிக்கும். அதற்கு 'பூஜ்யம்' என்று பெயர் வைக்கலாமா? தோண்டுகிற கை சுத்தமாக இருக்கிறது என்பதால் தோண்டி எடுத்த பொருளும் சுத்தமாகிவிடாது. இந்தச் சொல்லை நெய்வேலியும் கடன் வாங்கிவிடக் கூடாது என்பது என் கவலை.

ஏனென்றால் உங்கள் நிலைமை மற்ற நிலக்கரிக் கம்பெனிகளைவிட வேறுபட்டது, ஒரு வகையில் நல்லது. பல இடங்களில் கரியை டீசல் லாரிகளும் டீசல் இயந்திரங்களும் தோண்டிச் சுமக்கின்றன. நெய்வேலியில் ஏறக்குறைய எல்லாமே மின்சாரம். வீடு உயரத்துக்குச் சுழன்று மண்ணை வெட்டும் பக்கெட் வீல் மின்சாரத்தில் சுற்றுகிறது. மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட், மண்ணைக் கொட்டிப் பரப்பும் ஸ்பிரெடர், என் மாமன் காவல் காத்த பம்புகள் எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஒரு டன் பழுப்பு நிலக்கரியைத் தொட ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்றியாக வேண்டும். அந்தச் சுமையையெல்லாம் இழுப்பது உங்கள் அனல்மின் நிலையங்களின் மின்சாரம். பாதிக்குப் பாதி ஈரம் உள்ள கரியை எரித்து, யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டு, அதே கரியைத் தோண்டுகிறீர்கள். ஆகவே சொந்தத் தேவைக்குச் சூரிய மின்சாரம் என்பது உங்களுக்கு விளம்பரப் பலகைக்கான சொல்லாக இருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையே செய்யத் தொடங்கக்கூடிய வேலை அது. கம்பி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, வெயில் இருக்கிறது.

ஆகவே முதல் வேண்டுகோள்: இனிமேல் நெய்வேலியில் நீங்கள் நிறுத்தும் ஒவ்வொரு சூரியத் தகடும் முதலில் சுரங்கப் பம்புகளுக்கும் பக்கெட் வீலுக்கும் போகட்டும். வெளியே விற்பது பிறகு. பகலில் வெயிலில் இறையுங்கள். இரவுக்குப் பேட்டரி வையுங்கள். பம்பு நிற்கக் கூடாதே என்று உங்கள் பொறியாளர்கள் தயங்கலாம். தயக்கம் நியாயமானது. ஆனால் கடல் நடுவே இருக்கும் ஒரு தீவின் மின்கட்டமைப்பில் சூரியனையும் பேட்டரியையும் இணைத்துக் காட்டியவர்கள் உங்கள் பொறியாளர்கள்தான்.

அனல்மின் நிலையங்களும் தாங்கள் உற்பத்தி செய்வதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித் தாங்களே செலவழிக்கின்றன. கரியைப் பொடியாக்கும் ஆலை, காற்றாடிகள், நீரேற்றும் பம்புகள் என்று. அதையும் பகலில் வெயிலுக்கு மாற்றலாம். இங்கேதான் என் கொல்லைக் கரும்பு நினைவுக்கு வருகிறது. உள்செலவுக்குச் சூரியன் வந்துவிட்டதால் மிச்சமாகும் அனல் மின்சாரத்தை வெளியே விற்றுவிட்டால், எரிந்த கரி அதேதான், விற்பனை மட்டும் கூடுகிறது. வெயில் உங்கள் இலாபக் கணக்கில் ஏறிவிடும், வானத்துக்கு ஒரு பயனும் இல்லை.

அதனால்தான் இரண்டாவது வேண்டுகோள் எனக்கு முதலாவதைவிட முக்கியம். சொந்த வேலைக்கு ஒவ்வொரு யூனிட் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தும்போதும், அதற்கு ஈடான கரியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். விட்டதைக் கணக்கில் எழுதுங்கள். இந்த மாதம் சுரங்கம் இத்தனை யூனிட் வெயிலில் ஓடியது, அதனால் இத்தனை டன் எடுக்காமல் விட்டோம் என்று தமிழில் ஒரு தாளில் அச்சடித்து மந்தாரக்குப்பம் பஸ் நிலையத்தில் ஒட்டுங்கள். எங்களுக்குப் புரியும். இங்கே சந்தைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் டன் என்றால் என்ன, யூனிட் என்றால் என்ன என்று தெரியும்.

உங்கள் சூரிய மின்சாரத்தின் அளவு சிறிதல்ல என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். 1,380 மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 220 கோடி யூனிட் தரும். கரி எரித்து அந்த 220 கோடி யூனிட்டை எடுத்திருந்தால் 25 லட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு போயிருக்கும். முதல் சுரங்கமும் இரண்டாவது சுரங்கமும் சேர்ந்து ஆண்டுக்கு 2.55 கோடி டன்னை எடுத்தால், எரியும்போது வரும் வாயு ஏறக்குறைய அதே அளவு, டன்னுக்கு டன். ஆக, பத்தில் ஒரு பங்கை ஒட்டி நீங்கள் ஈடுகட்டுகிறீர்கள். கோல் இந்தியாவின் முந்நூறில் ஒன்றோடு ஒப்பிட்டால் இது பெரிது. ஆனாலும் நாலைந்து மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் அத்தனை தகடுகளும் சேர்ந்து ஓராண்டில் தருவது, உங்கள் புதிய அனல்மின் நிலையத்தின் ஒரே ஒரு 500 மெகாவாட் அலகு ஓராண்டில் தருவதைவிடக் குறைவு. அந்த நிலையத்தில் அப்படி இரண்டு அலகுகள் இருக்கின்றன. அதற்குள் உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூரில் 1,980 மெகாவாட், ஒடிசாவின் தலபிராவில் 2,400 மெகாவாட் என்று புதிய நிலக்கரி நிலையங்களுக்கும் கை வைத்திருக்கிறீர்கள். ஒரு கையால் வெயிலை நடுகிறீர்கள், மறு கையால் அதைவிட வேகமாகக் கரியை நடுகிறீர்கள். 10,000 மெகாவாட் என்ற உங்கள் இலக்கைப் படிக்கும்போது எனக்கு முழு மகிழ்ச்சி வராததற்கு இதுதான் காரணம். அந்த 10,000 எதற்குப் பதிலாக வருகிறது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

2020-ல் நீங்கள் முதல் அனல்மின் நிலையத்தை மூடியபோது நான் நெய்வேலிக்கு வந்திருந்தேன். சோவியத் உதவியோடு கட்டிய 600 மெகாவாட் நிலையம், ஏறக்குறைய அறுபது ஆண்டு உழைத்து ஓய்ந்தது. அதைப் பார்த்து வருத்தப்பட்டவர்கள் பலர். நானும் வருந்தினேன், அந்தப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவன்தானே. ஆனால் அன்று ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒரு நிலையத்தை மூட உங்களால் முடியும். தேதி வைத்து, அலகு அலகாக, விளக்கு அணையாமல் மூட முடியும்.

இனி நிலம். இதை எழுதும்போது என் கை தானாகவே அழுத்தி எழுதுகிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல்வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிய படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்கான நிலம் அது, பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்பது உங்கள் தரப்பு. பத்திரத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பால் பிடித்த கதிரை இயந்திரம் மிதிப்பதைப் பார்த்து உயர் நீதிமன்ற நீதிபதியே வேதனை தெரிவித்தார். அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொரு உழவனும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். நானும் எண்ணினேன்.

அந்தக் கதிர்களை நினைத்துக்கொண்டே கேட்கிறேன்: சூரியத் தகடுகளுக்கென்று இந்த மாவட்டத்தில் இனி ஒரு சென்ட் பட்டா நிலத்தையும் எடுக்காதீர்கள். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த ஏக்கர்கள் உங்களிடமே இருக்கின்றன. அறுபது ஆண்டுகளாகக் கரி எடுத்து முடித்து மண் நிரப்பிய நிலம் இருக்கிறது. சுரங்கத்துக்கு வெளியே மலை போல் குவிந்த மண்மேடுகள் இருக்கின்றன. புதிதாக நிரப்பிய மண் இறங்கும், தகட்டின் கால்கள் சாயும் என்பது உண்மை. ஆகவே பழைய நிரப்பிலிருந்து தொடங்குங்கள். மேடுகளின் தென்சரிவைப் பயன்படுத்துங்கள். சுரங்க நீர் நிற்கும் குட்டைகளில் மிதக்கவிடுங்கள். நிரப்பிய நிலத்தில் மண் வளம் தேறி, பயிர் வைக்கத் தகுந்ததாக ஆகியிருந்தால் அதன்மேல் தகடு போடாதீர்கள். அதை உழவனிடமே திருப்பிக் கொடுங்கள். அந்த நிலத்தை ஒரு காலத்தில் கொடுத்தவன் அல்லது அவன் பிள்ளை இன்னும் இங்கேதான் இருக்கிறான்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்களானால், உங்களுக்கு பக்கெட் வீல் கொடுத்த ஜெர்மனியையே பாருங்கள். அங்கே கிழக்கில் லவுசிட்ஸ் பகுதியில் லியாக் என்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம், தோண்டி முடித்த நிலங்களில் 7,000 மெகாவாட் சூரிய, காற்று மின்சாரம் என்று அறிவித்து வேலை செய்கிறது. காட்பஸ் நகரத்தை ஒட்டி, பழைய சுரங்கக் குழியில் உருவான ஏரியின் மேல் சூரியத் தகடுகள் மிதக்கின்றன. ஆனால் அதைவிட முக்கியமானது, அந்த நாடு 2020-ல் சட்டம் போட்டு, நிலக்கரி மின்சாரத்துக்கு 2038 என்று கடைசி ஆண்டைக் குறித்தது. தேதி இருப்பதால் அங்கே ஒவ்வொரு தகடும் எதையோ மாற்றி நிற்கிறது.

தேதி வெகுதூரத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே ஜெர்மனி காட்டியது. மேற்கில் கார்ஸ்வைலர் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வழிவிட, ஓடிக்கொண்டிருந்த காற்றாலைகள் சிலவற்றைக் கழற்றினார்கள். காற்றில் மின்சாரம் தந்தவற்றை எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கடியில் கிடந்த கரியைத் தேடிப் போனார்கள். அந்தக் காற்றாலைகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு வளையமாதேவி நினைவுக்கு வந்தது. அந்தப் பகுதிக்கு 2030 என்று கிட்டத்துத் தேதி 2022-ல்தான் வந்தது.

ஆகவே தேதி கேட்கிறேன். முதல் சுரங்கத்துக்கு ஒரு தேதி. 1ஏ சுரங்கத்துக்கு ஒன்று. இரண்டாவது சுரங்கத்துக்கு ஒன்று. அவை நாளையே இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாலை ஆறு மணிக்குமேல் விளக்கு எரிய வேண்டும், இரவுக்கான மின்சாரத்துக்கு இன்னும் வழி முழுவதும் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேதி இல்லாமல் நடும் தகடு, சுரங்கத்துக்கு ஆயுளைக் கூட்டும் தகடு. பம்புச் செலவு குறைந்ததும் கரியின் அடக்கவிலை குறையும். அடக்கவிலை குறைந்ததும் இதுவரை கட்டுப்படியாகாத ஆழமும் கட்டுப்படியாகும். என் கிணற்றில் நாற்பது அடி கீழே போனது போல.

இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. இரண்டுமே சூரியத் தகட்டுக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் சம்பந்தம் உண்டு.

சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், அங்கிருந்து எத்தனையோ கிராமங்களின் வயல்களுக்குப் பாய்கிறது. சுரங்கம் மூடினால் பம்பு நிற்கும், அந்த நீரும் நிற்கும். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களின் கிணறுகள் வறண்டுபோனதற்குச் சுரங்கத்தின் இறைப்பே காரணம் என்று இவ்வளவு காலம் வழக்காடி வந்தோம். அதே இறைப்பை நம்பி நெல் விளைவிக்கும் ஊர்களும் இருக்கின்றன. இரண்டும் உண்மை. ஊற்று தன் பழைய மட்டத்துக்கு ஏறி வர எத்தனை ஆண்டு ஆகும், அதுவரை ஏரிப் பாசனத்துக்கு வெயிலில் ஓடும் பம்புகளை யார் வைப்பார்கள், எத்தனை மணி நேரம் இறைக்கலாம் என்பதற்கான திட்டத்தை இன்றே அந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள். மூடுகிற வருடத்தில் எழுதினால் நேரம் போதாது.

மற்றது வேலை. உங்கள் வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் நிரந்தர வேலை கேட்டு எத்தனை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூரியப் பூங்காவில் சுரங்கம் அளவுக்கு வேலை இராது. தகட்டைத் துடைக்கவும் புல் வெட்டவும் சிலர் போதும். இந்த உண்மையை மறைக்காதீர்கள். மாற்றாக, தகடுகளை நிறுத்துவது, இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது, பேட்டரி நிலையத்தை ஓட்டுவது, நிரப்பிய நிலத்தைத் தேற்றி மரம் வைப்பது ஆகிய வேலைகளுக்கு இப்போதே ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சம்பளத்தோடு பயிற்றுவியுங்கள். என் மாமனின் பேரன் ஒருவன் ஐடிஐ படித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். மோட்டாரைப் பிரித்துப் போடுவதில் அவன் கை வேகமானது. அவனுக்கு அடுத்த முப்பது ஆண்டுக்கு வேலை இருக்கும் என்று நீங்கள் சொல்ல முடிந்தால், சுரங்கத்தை மூடும் பேச்சுக்கு இங்கே கல்லெறி வராது.

உங்களில் பலர் வேறு மாநிலங்களிலிருந்து பணிமாற்றத்தில் வந்து, மூன்று நான்கு ஆண்டில் திரும்பிவிடுவீர்கள். இந்த மடலை ஒரு கோப்பில் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருபவர் அதைத் திறக்காமலே போகலாம். அதனால் ஒரு சின்னக் காரியத்தைச் செய்துவிட்டுப் பதில் எழுதுங்கள். இரண்டாவது சுரங்கத்தின் நிலத்தடி நீர்ப் பம்புகளில் ஒரு வரிசையை மட்டும், ஒரே ஒரு வரிசையை, பகலில் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுங்கள். ஓராண்டு ஓட்டுங்கள். அந்த ஆண்டில் அந்த வரிசை எத்தனை யூனிட் வெயிலை எடுத்தது, அதற்கு ஈடாக எத்தனை டன் கரியை எடுக்காமல் விட்டீர்கள் என்ற இரண்டு எண்களை எங்களுக்குத் தெரிவியுங்கள். முதல் எண்ணை நீங்கள் எளிதாகத் தந்துவிடுவீர்கள். நான் காத்திருப்பது இரண்டாவது எண்ணுக்கு.

மிக்க மரியாதையுடன்,
பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லைக்காரன் ஒருவன்